நாற்பத்திரண்டாவது ஆள்

“உள்ளே போனது நாற்பத்திரண்டு. வெளியே வந்தது நாற்பத்தொன்று.” வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு எண்களைப் படித்துச் சொன்னார் இன்ஜினீயர்.

அன்று காலையில்தான் அந்தப் பனியன் கம்பெனியின் உள்ளே வரும் வாசல், வெளியே போகும் வாசல் இரண்டிலும் கருவியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார். வாசல் நிலையின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு வெளிச்சம் பாயும். ஆள் குறுக்கே நடந்து அதை மறைத்தால் ஓர் எண் கூடும்.

“அப்ப ஒருத்தர் இன்னும் உள்ளயே இருக்கோணுமே!” என்றார், வெளியூர் போய்விட்டு அப்போதுதான் வந்திறங்கிய முதலாளி ரத்தினசாமி.

“மொதலாளி, நானு கொஞ்சம்...” என்றான் கேட்டருகே நின்ற வாட்ச்மேன் நஞ்சப்பன்.

“இருப்பா. மொதல்ல தேடு.”

தையல் மிஷின்களுக்கு அடியிலும் துணி மூட்டைகளுக்குப் பின்னாலும் தேடினார்கள். யாருமில்லை.

இன்ஜினீயர் வெளியே போகும் வாசலில் பத்து முறை நடந்து பார்த்தார். எண் பத்து முறையும் கூடியது.

“பொய் சொல்ற மிசினு எனக்கெதுக்குங்க? கழட்டிட்டுப் போயிருங்க,” என்றார் முதலாளி.

“மிசினு மேல தப்பில்லீங்க மொதலாளி,” என்றான் நஞ்சப்பன். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “காத்தால எம்பட சம்சாரம் மருதாளும் நடந்துதானுங்க உள்ள வந்தா. சாயங்காலம் பனியன் மடிச்சுட்டு இருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. மூச்சில்லீங்க. எம்மச்சான் அவளைத் தோள்ல போட்டுட்டு வெளிய போனானுங்க. வெளிச்சத்துக்கு ரெண்டு பேரும் ஒரு ஆளுதானுங்களே.”

சாவிக்கொத்தை நீட்டினான்.

“இதைக் குடுக்கோணும்னுதானுங்க நின்னேன். நானு ஊட்டுக்குப் போலாமுங்களா?”