நேரம் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா, சார்?" அமைச்சகத்தின் கண்ணாடிக் கதவை அடைத்துக்கொண்டு நின்ற காவலாளி இசபெலினோ கேட்டார்.

"இல்லை. ஆனா மேலே நாலாவது மாடிக்கு என்னை வரச் சொல்லியிருக்காங்க" என்றார் லிபராதோ. இருட்டு பிரியுமுன் தூரத்து ஊரான எங்கார்னசியோனில் பஸ் ஏறியவர். தலைநகர் அசுன்சியோனின் வெயில் அவர் சட்டையை முதுகோடு ஒட்டவைத்திருந்தது.

"வரச் சொல்லியிருந்தா கம்ப்யூட்டர்ல உங்க பேர் இருக்கும்."

"கம்ப்யூட்டர்தான் நேத்து சாயங்காலத்திலேருந்து வேலை செய்யலையே."

"அப்ப உங்க பேரும் அதுல இல்லைன்னுதானே அர்த்தம்."

லிபராதோ இன்னும் கொஞ்சம் நெருங்கிப்போய், தான் வந்த காரியத்தைத் தணிந்த குரலில் சொன்னார். இசபெலினோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"காலையில ஒருத்தர் தன்னை அமைச்சரோட மச்சான்னு சொன்னார். இன்னொருத்தர் பிஷப்புன்னார். உங்க கதை அதைவிட நல்லா இருக்கு, சார். ஆனா வரிசையில போய் நில்லுங்க."

வரிசை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் நுழைந்திருந்தது. அதற்கு நேர் மேலே, மூன்று மாடி உயரத்துக்கு அமைச்சரின் சிரித்த முகம். பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'இனி வரிசை இல்லை'.

லிபராதோ அதன் கடைசியில் நின்றுகொண்டு, தன்னை வரச் சொன்ன இயக்குநருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அலுவலக எண்ணுக்குப் போட்டார். தேன் தடவிய பெண் குரல் ஒன்று, எல்லாத் தகவலும் இணையதளத்தில் உண்டு என்று சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொண்டது.

"அந்தப் பொண்ணு கூட நானும் காலையிலேருந்து பேசிட்டிருக்கேன்" என்றாள் முன்னால் நின்றவள். "நமக்கு வாய் வலிக்குது, அவளுக்கு வலிக்கல."

அவள் பெயர் நிமியா. நிழலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தாள். தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர்க் குவளையை அவர் பக்கம் நீட்டினாள். லிபராதோ உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களுக்கு என்ன காரியம்மா?"

"பொண்ணுக்கு இதயத்துல ஓட்டை அண்ணே. புவெனோஸ் ஐரெஸ்ல ஆஸ்பத்திரியில படுக்கை கிடைச்சிருக்கு. நாளைக்குச் சேர்க்கலைன்னா வேற பிள்ளைக்குப் போயிரும். எல்லை தாண்டணும்னா அனுமதிச் சீட்டு வேணும். புள்ள பஸ் ஸ்டாண்டுல என் தங்கச்சி மடியில படுத்திருக்கா."

"சீட்டு எழுதிக் கொடுக்க இங்கே ஆள் இல்லையா?"

வரிசையை ஒழுங்குபடுத்திவிட்டுக் கதவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இசபெலினோ அதற்குப் பதில் சொன்னார். "போன வருஷம் வரைக்கும் இந்த வாசல்ல ஒரு மேசை இருந்தது சார். ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாங்க. கேட்டா எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துருவாங்க. தெரெரே குடிக்கப் போனா மட்டும் கொஞ்சம் நேரமாகும். இப்ப நாடு முன்னேறிடுச்சு."

"அந்த அம்மா எங்கே?"

"வீட்டுல. முத்திரையை மியூசியத்துக்குக் கொடுத்துட்டாங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நிமியா சிரிக்கவில்லை.

"இந்த மெஷினை எவன் செஞ்சானோ" என்றாள் நிதானமாக, "அவன் புள்ளைக்கு எதுவும் வரக்கூடாது. நான் அப்படியெல்லாம் சாபம் விட மாட்டேன். ஆனா அவன் ஒரே ஒரு நாள் இந்த வெயில்ல வந்து நிக்கணும்."

லிபராதோ கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விடுவிடுவென்று மறுபடி கதவுக்குப் போனார்.

"தம்பி, என்னை விடாட்டியும் போகுது. மேலே ஒரு ஆளை அனுப்பி நான் வந்திருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க. இவங்க எல்லாருக்கும் நல்லதாப் போகும்."

"மேலே போறதுக்கு எனக்கே அப்பாயின்ட்மென்ட் வேணும் சார்" என்றார் இசபெலினோ. அவர் குரலில் கேலி இல்லை.

நேரம் பதிவு செய்ய லிபராதோ எதிர்த்தெரு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினார். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் பரிதாபப்பட்டு, அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் திரும்பி வந்தபோது நிமியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கேம்மா போறீங்க?"

"ஆத்துல ஒரு படகுக்காரன் இருக்கான். அக்கரையில இறக்கி விட்டுருவான். அவன் எந்தக் கம்ப்யூட்டரையும் கேக்க மாட்டான்."

"நோயாளிப் புள்ளையைத் திருட்டுப் படகுலயா? இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கம்மா. சரியாயிரும்."

"நீங்க நல்லவர் அண்ணே" என்றாள் நிமியா. "ஆனா உங்களாலயும் என்னாலயும் என்ன ஆகப்போகுது?" மீதித் தெரெரேயை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெயிலில் இறங்கிப் போனாள்.

அவள் தலை தெருமுனையில் மறையும்வரை லிபராதோ பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவர் போன் அடித்தது. இயக்குநர்.

"லிபராதோ, எங்கேய்யா இருக்கீங்க? நீங்க உருவாக்கின சிஸ்டம் நேத்திலிருந்து செத்துக் கிடக்கு. உங்களை விட்டா அதை எழுப்ப நாட்டுல வேற ஆள் கிடையாது. அமைச்சரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கார்."

"உங்க வாசல்லதான் சார் நிக்கிறேன். அப்பாயின்ட்மென்ட் இல்லாம உள்ளே விடமாட்டேங்கறாங்க."

மறுமுனையில் குசுகுசுவென்று பேச்சு கேட்டது. பிறகு இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு அமைச்சர் சொல்றார். இணையதளத்துல ஒரு நேரம் பதிவு பண்ணிட்டு, சட்டுனு மேலே வாங்க."