ஒரே ஒரு சரியான விடை

“நாப்பத்தோரு பிள்ளைங்க. அதுல நாப்பது பேருக்கு ஒரே தப்பு. இதுக்கு என்ன டீச்சர் அர்த்தம்?”

தலைமையாசிரியர் கம்ப்யூட்டர் திரையைக் கணக்கு டீச்சர் பக்கம் திருப்பினார். பதினேழாம் கேள்விக்கு நேரே சிவப்புக் கட்டங்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்று மட்டும் பச்சை. பெயர்கள் கிடையாது, பரீட்சைக்கென்று கம்ப்யூட்டரே கலைத்துப் போட்ட எண்கள்தான்.

அவள் கேள்வியை இன்னொரு முறை படித்தாள். செவ்வகத்தின் சுற்றளவு முப்பது மீட்டர், நீளம் அகலத்தைப் போல நான்கு மடங்கு, பரப்பளவு எத்தனை சதுர மீட்டர்? எட்டாம் வகுப்புக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கையிலிருந்த தாளில் மூன்றாவது முறையாகப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் முப்பத்தாறுதான் வந்து தொலைத்தது.

“எனக்கும் முப்பத்தாறுதான் சார் வருது.”

“அதான் பிரச்சினையே. நீங்க தப்பா சொல்லிக் குடுத்ததை நாப்பது பேரும் அப்படியே போட்டிருக்காங்க. தலைமை அலுவலகம் அனுப்பின விடைக்குறிப்புல அறுபத்து மூணு.”

“விடைக்குறிப்புல தப்பு இருக்கலாமே சார்?”

“தப்புன்னே வச்சுக்குவோம். அப்ப இருபத்து மூணாம் எண் எப்படி அறுபத்து மூணு போட்டுச்சு? நாலுல ஒண்ணைத் தொட்டுட்டுப் போற கேள்வி இல்லை இது. தானா கணக்குப் போட்டு விடையை அடிக்கணும். டேட்டா பொய் சொல்லாது டீச்சர்.”

படித்த கணக்கெல்லாம் மறந்துபோய்விட்டதா என்று அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. ஆறு வருடம் தற்காலிக வேலையிலேயே ஓட்டியாகிவிட்டது. நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேசையில்தான் கிடந்தது. அதை எடுத்து இழுப்பறைக்குள் தள்ளினார்.

“இப்போதைக்கு இது இங்கயே இருக்கட்டும். அந்த இருபத்து மூணு யாருன்னு பார்த்து நாளைக்கு எல்லார் முன்னாடியும் பாராட்டணும். சொந்தமா யோசிச்ச ஒரே பிள்ளை.”

தொலைபேசி அடித்தது. எடுத்தவர், “ஆமாங்க… பதினேழா… அப்படியா” என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் குரல் இறங்கிக்கொண்டே போனது. வைத்த பிறகும் கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

“அச்சடிக்கும்போது எண் மாறிப்போச்சாம். முப்பத்தாறுதான் சரியாம்.”

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் குழப்பம் தீர்ந்தபாடில்லை.

“அப்ப அந்தப் பிள்ளைக்கு மட்டும் அறுபத்து மூணு எப்படி சார் வந்துச்சு?”

அவர் முகம் சிவந்தது. “விடைக்குறிப்பைப் பார்த்து எழுதினாத்தான் வரும். சுத்தத் திருட்டு. யாரு பெத்த பிள்ளையா இருந்தாலும் சரி, இன்னிக்கே டிசி.”

“விடைக்குறிப்பு எங்க சார் இருந்துச்சு?”

“பரீட்சை முடியற வரைக்கும் என் வீட்டு பீரோவுல. ஒரு ஈ காக்கா கிட்ட வந்திருக்காது. எண்ணைத் தட்டுங்க, யாருன்னு பார்த்துடுவோம்.”

அவள் இருபத்து மூன்றைத் தட்டினாள். விவரங்கள் வந்து நின்றன. திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது.