கிண்ணத்துக்கு அடியில்

மணலில் பதிந்த அடியைப் பார்த்து ஆளைச் சொல்வது எங்கள் குடும்பத்து வேலை. நாங்கள் பெயரைச் சொல்லிவிட்டால் இந்தப் பாலையில் வேறு சாட்சி கேட்கமாட்டார்கள். லாக்காவின் சினை ஒட்டகம் களவு போன காலையில், அதன் தடத்தை ஒட்டி ஒரு வெறுங்கால் தடம் கிடைத்தது. காற்று கலைக்காமலிருக்க, வழக்கம்போல் விரல்கள் பதிந்த இடத்தில் பித்தளைக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். கவிழ்க்கும்போதுதான் கவனித்தேன்: இடது சுண்டுவிரல் மண்ணைத் தொடவேயில்லை. செத்துப்போன என் அப்பாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான், என் ஒரே மகன் ஹமீருக்கும் அப்படித்தான்.

“என்ன பெரியவரே, கண் மங்கிப்போச்சா?” என்றான் லாக்கா. “உங்க அப்பாவா இருந்தா இந்நேரம் பேரைச் சொல்லிட்டு மோர் கேட்டிருப்பார்.”

மேற்கே மணற்காற்று கிளம்பி வானம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

முதல் மணல் முகத்தில் அறைந்தது. நான் செருப்பைக் கழற்றினேன். கிண்ணத்துக்குப் பக்கத்தில் என் இடது காலை அழுத்திப் பதித்து எடுத்தேன்.

“லாக்கா, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்,” என்றேன். “இப்போது கிண்ணத்தைத் தூக்கி, இரண்டு தடத்திலும் சுண்டுவிரலைப் பார். என்னை விட்டால் இந்தக் கால் ஹமீருக்குத்தான்.”