வெறுங்கை

பனிமலைக் காவலில் பல வருடம் இருந்துவிட்டுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தவசி, கொதிக்கும் குழம்புச் சட்டியைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைத்தான். "மச்சான் கை பட்டாளத்துக் கையாச்சே!" என்று மனைவி மரகதத்தின் தம்பி மெச்சினான். தவசியும் சிரித்தான். மரகதத்துக்கு மட்டும் தோல் கருகிய வாடை அடித்தது.

ஊர் திரும்பியதிலிருந்து அவன் மகளின் கன்னத்தை விரலால் தொடாமல் புறங்கையால் வருடினான். சட்டைப் பொத்தானோடு மல்லாடிவிட்டு எல்லோரிடமும் எரிந்து விழுந்தான். மனுசனுக்குக் குடும்பத்து மேல் மனசு விட்டுப் போயிற்று என்றே அவள் இத்தனை நாளும் குமைந்துகொண்டிருந்தாள்.

தம்பி வெளியே போனதும் கணவனின் கையை இழுத்து விரித்தாள். விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன.

"எரியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு."

"கண்ண மூடுங்க. எந்த விரலத் தொடுறேன்னு சொல்லுங்க."

விளையாட்டு என்று நினைத்து மூடிக்கொண்டான். அவள் சுண்டுவிரலைத் தொட்டாள். பிறகு அழுத்தினாள். பிறகு நகம் பதியக் கிள்ளினாள்.

"சீக்கிரம் தொடு புள்ள," என்றான் தவசி, சிரித்தபடி. "எம்புட்டு நேரம் கண்ண மூடிட்டு உக்காந்திருக்க?"