சவுக்காரக் கள்ளி

கோயில் மண்டபத்து வெள்ள முகாமில் சவுக்காரம் களவு போகிறது! முகாம் தலைவர் அமிர்தநாயகத்துக்கு அதில் துளிகூடச் சந்தேகமில்லை. குடும்பத்துக்கு இரண்டு கட்டி கொடுத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

"கையைக் கழுவுங்கோ, நோய் வராது" என்று காலையும் மாலையும் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்துகிறவர் அவர். களவெடுக்கச் சொல்லி எப்போதாவது கத்தினாரா?

யாரையும் நம்பாத மனிதர். மற்றவர்களை விட்டால் தேங்காய் காணாமல் போகும் என்று முகாம் சாப்பாட்டுக்கான சம்பலைக்கூடத் தன் கையாலேயே குழைப்பார். அவர் கண்ணிலேயே மண்ணைத் தூவுவதா?

துசாந்தினிதான் அகப்பட்டாள். இரண்டு பிள்ளைகளோடு வந்தவள், மறுபடியும் சவுக்காரம் கேட்டாள்.

"குடுத்ததைக் கடையில வித்துப்போட்டியோ பிள்ளை?"

"ஐயோ, இல்லை ஐயா. கழுவக் கழுவக் கரைஞ்சு போச்சு."

"கதை விடாதை! பின்னேரம் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடு."

அவள் வீட்டுக்குள் இன்னும் முழங்காலளவு வெள்ளம். பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அழுதாள். தலைவர் மனம் இளகவேயில்லை.

அந்த நேரம் பார்த்து, முகாமில் பலருக்கு வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டு மன்னாரிலிருந்து சுகாதாரப் பரிசோதகர் பார்த்தீபன் வந்திறங்கினார். படுத்துக் கிடந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு வந்தவரைத் தலைவர் பிடித்துக்கொண்டார். அரசாங்க மனிதரின் வாயாலேயே இவளைக் கள்ளி என்று சொல்லவைத்தால் போதாதா?

"சவுக்காரம் என்ன கற்பூரமே, தானாக் கரைய?" என்று அலுமாரியைத் திறந்து தன் பங்கை எடுத்து நீட்டினார். "அண்டைக்கே எனக்கும் இதே ரெண்டுதான் தந்தது. ஒண்டு இன்னும் உறை பிரிக்கேல்லை. மற்றதிலை பேர் எழுத்துக்கூட அழியேல்லை. பாருங்கோ!"

பார்த்தீபன் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேறை சவுக்காரம் பாவிக்கிறேல்லையோ?"

"சீ, எனக்கேன் வேறை?"

பார்த்தீபன் துசாந்தினியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் இஞ்சையே இருங்கோ அக்கா." பிறகு தலைவரைப் பார்த்தார்.

"நான் சவுக்காரக் கள்ளரைத் தேடி வரேல்லை ஐயா. சம்பல் திண்ட ஆக்களுக்குத்தான் வயித்தாலை போகுது. அதைக் குழைக்கிற கை கழுவின கையோ எண்டு பார்க்க வந்தனான். சாட்சியை நீங்களே எடுத்துத் தந்திட்டியள்."