கனிவான குரல்

போனில் கூப்பிட்டுப் பயந்த குரலில் யார் பணம் அனுப்பச் சொன்னாலும் அந்த வங்கியின் கணினி அனுப்பாது. போனில் மிரட்டிப் பறிப்பவர்கள் பெருகியபின் வந்த ஏற்பாடு அது. கோடை விடுமுறையில் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவி ஜெர்லின் அதில் இன்னொன்றைச் சேர்த்தாள். பக்கத்திலிருந்து வேறொருவர் சொல்லிக்கொடுப்பது கேட்டால், கணக்கு மறுநாள் காலைவரை பூட்டிக்கொள்ளும். மேலாளர் கைதட்டினார். எச்சரிக்கையைப் பேசவும் அவள் குரலையே பதிவுசெய்துகொண்டார்கள். கனிவாக இருக்கிறதாம்.

பயிற்சியின் கடைசி நாள் மதியம், தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியின் போனில் அப்பா அழைத்தார்.

"அம்மாவுக்கு உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். பணம் கட்டினாத்தான் உள்ள கொண்டுபோவாங்களாம். ரெண்டு தடவ சொல்லிட்டேன், உங்க பேங்க் அனுப்ப மாட்டேங்கு."

அவர் குரல் நடுங்கியது.

"தம்பி போன்ல என்னை ஸ்பீக்கர்ல போட்டுட்டு, உங்க போன்ல பேங்கைக் கூப்பிடுங்கப்பா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. இப்ப நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. என் கணக்குல இருந்து..."

பாதி வாக்கியத்தில்தான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அப்பாவின் போனில் ஒரு பெண்குரல் கனிவாகப் பேசியது.

"பயப்படாதீங்க ஐயா. பக்கத்துல யாரோ உங்கள மிரட்டுறாங்க. உங்க கணக்கைப் பூட்டிட்டோம்."

"ஏம்மா ஜெர்லின், நீதான பேசுத?" அப்பா அந்தப் போனிடமே கெஞ்சினார். "அம்மாவுக்குத்தாம்மா கேக்கேன். தொறந்து விடும்மா."

"உங்க பணம் பத்திரமா இருக்கு. நாளைக்குக் காலையில கூப்பிடுங்க" என்றது அவள் குரல்.