முப்பத்து மூன்றில் ஓடிய தட்டு

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா இன்னும் மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

விழுந்தவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். குளியலறைக்கும் அவன் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். வெளியே போயிருந்த அம்மாவும் தங்கையும் திரும்பி வந்தபோது, அவர் தொண்டை கட்டிப்போய், வாளியைத் தட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுழலும் இசைத்தட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

இடுப்பு எலும்பு முறிவு. நாளைக் காலையில் அறுவை சிகிச்சை.

"அப்பா வீட்டுக்கு வர்றதுக்குள்ள அந்தத் தட்டெல்லாம் போயிடணும்," என்று ஆஸ்பத்திரியில் அம்மா தங்கையிடம் சொன்னாள். "இல்லேன்னா அவன் போயிடணும். எது போகணும்னு தொரையையே கேட்டுக்கோ."

தங்கை அதை அப்படியே செய்தியாகத் தட்டி அனுப்பினாள். அவன் இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை.

ஒரே சொல்லில் பதில் வந்தது. "தட்டு."

பெரிய சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்ற தங்கைக்கு அது என்னவோ போலிருந்தது.

அந்தத் தட்டுகள் அவன் பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்தவை; எல்லாம் மேற்கத்திய ராக் இசை வகைகள். "ராக்கை நின்னு கேக்கணும். பங்க்கைக் குதிச்சுக் கேக்கணும். புரொகிரசிவை வயிறு நெறைய சாப்பிட்டுட்டு சாவகாசமா உக்காந்து கேக்கணும்," என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான். குழாய் ரிப்பேர் பண்ண வந்தவர்கூட ஒரு கிதார் துண்டைக் கேட்காமல் தப்ப முடியாது. புரொகிரசிவ் தட்டில் ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும். "இது முடியறதுக்குள்ள நான் துணி துவைச்சு காயப்போட்டுட்டு வந்துடுவேன்," என்பாள் அம்மா. அதற்கும் சிரிப்பான்.

இப்போது சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய தட்டு வியாபாரி ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளிம்பைப் பிடிக்காமல் தட்டின் மேலேயே விரல் பதித்து எடுத்தார் அவர். அதற்கும் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

தங்கை அறைவாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்தாள். அன்றைக்கு அந்த முதுகிடம்தான் கத்தியிருந்தாள். "நீயெல்லாம் மனுஷனா? அப்பா செத்தே போயிருந்தாலும் பாட்டு முடிஞ்சப்புறம்தான் வந்திருப்பே!"

அவன் திரும்பவே இல்லை. அந்தத் திமிரைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"ஒண்ணாவது வெச்சுக்கோங்க தம்பி," என்றார் வியாபாரி, பெட்டிக்குள் குனிந்தபடியே. "வயித்தெரிச்சலோட குடுத்தா எனக்கு ஒட்டாது."

அண்ணன் கண்ணை எடுக்காமல் தட்டுகளையே பார்த்தான். வியாபாரி உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார். கறுப்பு உறை, கிழித்து ஒட்டிய எழுத்துகள். பங்க். அண்ணனுக்கு உயிர். கீறல் இருக்கிறதா என்று பார்க்க அதைச் சுழலவிட்டு முள்ளை இறக்கினார்.

ஸ்பீக்கரிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. டிரம்ஸ் சேற்றில் நடப்பதுபோல் இழுத்து இழுத்து விழுந்தது. பாடகன் பாதித் தூக்கத்தில் உளறினான்.

பெரிய தட்டென்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னதென்றால் நாற்பத்தைந்து. இது மட்டும் பெரிதாக இருந்தும் நாற்பத்தைந்தில் ஓட வேண்டியது. அளவைப் பார்த்து வியாபாரி ஏமாந்துவிட்டார். கல்லூரியில் படிக்கும்போது அவளும் ஒருமுறை இதே தப்பைச் செய்திருக்கிறாள். குளித்துக்கொண்டிருந்தவன் தலை நிறைய சோப்பு நுரையோடு, இடுப்புத் துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "கொலை! பட்டப்பகல்ல கொலை பண்றா!" என்று ஓடி வந்தான்.

இப்போது அவனுக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான்.

அவள் அவன் பாதத்தைப் பார்த்தாள்.

பாதம் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. துள்ளித் துள்ளி, அந்தப் பாட்டு எப்படி ஓட வேண்டுமோ அந்த வேகத்தில். ஸ்பீக்கர் மூன்று அடி அடிப்பதற்குள் அவன் பாதம் நான்கு அடி அடித்தது.



"அண்ணா," என்றாள்.

பிறகு சத்தமாக. பிறகு தொண்டை கிழிய.

வியாபாரி பதறிப்போய் முள்ளைத் தூக்கினார். முள் எழுவதைப் பார்த்த பிறகுதான் பாதம் நின்றது.

அவள் சுற்றிக்கொண்டு போய் அவன் முன்னால் மண்டியிட்டாள். அவன் கண்கள் அவள் கண்ணுக்கு வரவில்லை. உதட்டிலேயே நின்றன. எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறான் என்று யோசித்தாள். தெரியவில்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள். குரல் வரவில்லை; உதடு மட்டும்தான் அசைந்தது.

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

"அப்பா கூப்பிட்டது கேக்கலடி," என்றான். தன் குரலின் அளவு தெரியாமல், தெருவுக்கே கேட்கும்படி. "பாட்டும் கேக்கல. போன மழைக்கு ஒண்ணு. இந்த வருஷம் இன்னொண்ணு. எனக்கு ரெண்டு காதும் போயிடுச்சு."